கணினிக்கு ஒரு பள்ளியெழுச்சி

மார்கழி விடியலில் கோயில்களிற் பாடப்படும் திருப்பள்ளியெழுச்சியை நாம் எல்லோரும் அறிவோம். இறைவன் உறங்குவதில்லை, ஆயினும் அன்பினால் எழுப்புகின்றோம். கணினியின் கதையோ இதற்கு நேர்மாறானது. அது மெய்யாகவே உறங்குகின்றது. எழுப்பினாலும் சில நாட்களில் எழ மறுக்கின்றது. அதிலும், கொழும்பில் யாரோ ஒருவரின் அலுவலக மேசையிற் பத்தாண்டு உழைத்துக் களைத்து, கைமாறி, கினிகத்தேனை வளைவுகளையெல்லாம் கடந்து மலையேறி நம் வீட்டுக்கு வந்த பழைய கணினியாயின், அது கண் விழிப்பதற்குள் வீட்டார் படும் பாடு சொல்லி முடியாது. (எம்மவருட் சிலர் கணனி என்பர், சிலர் கணினி என்பர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. இங்கே கணினி என்றே எழுதுகின்றேன்.)

லிந்துலையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் கணினியுள்ள வீடுகள் பலவற்றில் இருப்பவை இத்தகைய பழையனவே. 2020இலும் 2021இலும் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியின் உள்ளங்கையளவான திரையிற் பாடம் படித்த பிள்ளைகளுக்காகக் கடன்பட்டு வாங்கியவை சில. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபாவைத் தாண்டியபோது, புதுக் கணினி எட்டாக் கனியாகிவிட, வேறு வழியின்றி வாங்கியவை பல. பழையதாயினும் அது சும்மா வந்ததன்று. 27,000 ரூபா கொடுத்து ஒரு பெட்டியை வாங்கிய குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தக் கணக்கின்படி பார்த்தால், உண்ணாமல் உடுக்காமல் இருபது நாட் கொழுந்து பறித்தால்தான் அந்தப் பெட்டி.

அத்தகைய பெட்டி ஒரு நாள் எழவில்லை. விசையை அழுத்தினால் விளக்கு மட்டும் எரிகின்றது; திரை இருண்டு கிடக்கின்றது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. பிள்ளையின் குறிப்புகள் எல்லாம் அதனுள்ளே. தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பத்து நிமிடத்தில் தீர்ப்பு வழங்கப்படுகின்றது: “போட் போய்விட்டது. மாற்ற வேண்டும், இல்லையேல் வேறு பெட்டி வாங்குங்கள்.” எல்லாக் கடைக்காரரும் இப்படியல்லர். பொறுமையும் நேர்மையும் உள்ள இளைஞர் பலரை நான் அறிவேன். ஆயினும் ‘போட் போய்விட்டது’ என்னும் வாக்கியம் நம் மலைநாட்டில் மிகவும் மலிந்துவிட்டது. எழ மறுத்த பழைய கணினிகளுள் நான் திறந்து பார்த்தவற்றிற் பெரும்பாலானவற்றில், குற்றம் ஓர் இணைப்பிலோ, நாணயமளவான ஒரு மின்கலத்திலோ, படிந்த தூசியிலோதான் இருந்தது. ஆகவே அந்தத் தீர்ப்பைக் கேட்பதற்கு முன், காசு செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகளை வரிசையாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பதே இவ்வாரம் நான் சொல்ல வந்தது.

வரிசையாக என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கணினி கண் விழிப்பதும் ஒரு வரிசைப்படியே. முதலில் மின்சாரம் பவர் சப்ளை எனப்படும் இரும்புப் பெட்டிக்குள் வருகின்றது. அது 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் என்று சிறு சிறு அளவுகளாக மாற்றுகின்றது. ‘மின்சாரம் சீராயிற்று’ என்று அது சைகை காட்டிய பின்னரே மதர்போட் வேலையைத் தொடங்கும். பாடநூல்கள் தாய்ப்பலகை என்று அழகாக அழைக்கும் பாகம் இதுவே. அதனுள் பதிந்திருக்கும் சிறு நிரல் ஒன்று, மூளை உண்டா, நினைவகம் உண்டா, திரை உண்டா, விசைப்பலகை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் கூப்பிட்டுப் பார்க்கின்றது. வகுப்பிலே நாம் இடாப்புக் கூப்பிடுவது போலத்தான். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதற் சொந்தக் கணினியிலும் இந்த வழக்கம் இருந்தது, இன்றும் மறையவில்லை. எல்லோரும் ‘உள்ளேன் ஐயா’ என்ற பின்பே வன்தட்டிலிருந்து விண்டோஸ் அழைக்கப்படுகின்றது. எந்தப் பெயரோடு இடாப்பு நின்றுவிட்டது என்று கண்டுகொண்டால் நோய் எங்கே என்று தெரிந்துவிடும். நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் காரணத்தைத் தேடி, தணிக்கும் வழியை ஆராய்ந்து, பிறகே கைவைக்க வேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறை இந்தப் பெட்டிக்கும் பொருந்துகின்றது. நம்மிற் பலர் கடைசியிலிருந்து தொடங்குகின்றோம், அதுதான் தொல்லை.

முதலிற் சுவரைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். அதே பிளக் பொயின்ட்டில் ஒரு மேசை விளக்கையோ தொலைபேசிச் சார்ஜரையோ செருகினால், மின்சாரம் வருகின்றதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். நம் வீடுகளிற் பழைய வட்டக்கால் பிளக்கும் புதிய சதுரக்கால் பிளக்கும் கலந்தே இருக்கின்றன. இரண்டையும் இணைக்க இடையில் ஓர் அடப்டர். அந்த அடப்டர் தளர்ந்திருந்தால், கணினி எழுவதும் அதன் மனம்போலவே. கணினியின் பின்புறத்தில், மின்கம்பி நுழையும் இடத்தருகே, ஒரு கோடும் ஒரு வட்டமும் பொறித்த சிறு விசை ஒன்று இருக்கும். கோட்டின் பக்கம் அழுத்தியிருந்தால் மின்சாரம் உண்டு. வட்டத்தின் பக்கமாயின் இல்லை. கூட்டிப் பெருக்கும்போது யாரோ கைபட்டு அது வட்டத்துக்கு மாறியிருக்க, கணினி இறந்துவிட்டதென்று வீடே சோகத்தில் ஆழ்ந்திருந்ததையும் கண்டிருக்கின்றேன். பழைய பவர் சப்ளைகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்பு விசையும் இருக்கும். நம் நாட்டுக்குரியது 230. விளையாட்டாகக்கூட அதைத் தொடவேண்டாம்; 115இல் வைத்து இந்நாட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் ‘டமார்’ என்ற ஓசையுடன் அதன் ஆயுள் முடிந்துவிடும்.

லயத்து வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. மாலை ஆறு மணிக்கு மேல் எல்லா வீடுகளிலும் கேத்தலும் சோற்றுக் குக்கரும் ஒரே வேளையில் ஏறும்போது மின்னழுத்தம் இறங்கிவிடுகின்றது. காலையில் ஒழுங்காக எழும் கணினி, மாலையில் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கினால், குற்றத்தை அதன்மேற் சுமத்துமுன் இதனை நினைக்க வேண்டும். பக்கத்திலே தலவாக்கலையில் ஆற்றை மறித்து, 150 மெகாவாற் மின்சாரம் பிறப்பிக்கும் மேல்கொத்மலைத் திட்டம் 2012இல் தொடங்கி வைக்கப்பட்டது. ஆற்றங்கரையில் இருப்பவன் தாகத்தோடு இருக்கும் கதை அது, இங்கே விரிப்பதற்கில்லை.

கணினியின் இரும்பு உடலைத் தொட்டால் விரல் நுனியிற் சுருசுருவென்று உறைக்கின்றதா? அது விளையாட்டன்று. வீட்டு இணைப்பில் ஏர்த் எனப்படும் பூமித் தொடுப்பு இல்லை, அல்லது அறுந்திருக்கின்றது என்பதற்கு அது அடையாளம். கணினி பழுதாவது இருக்கட்டும். வீட்டிலுள்ள எல்லா மின்சாதனங்களும் அங்கே ஆபத்தானவையே. உரிமம் பெற்ற மின் வினைஞரை அழைத்துச் சரிசெய்யும்வரை அந்தப் பொயின்ட்டைத் தொடாதீர்கள்.

மின்னலைப் பற்றியும் சொல்லவேண்டும். பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் பிற்பகல் வேளைகளில் நம் மலைகளில் இடி முழங்கும். அப்பொழுது விசையை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே கழற்றிவிட வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாக இணைய இணைப்புப் பெற்றவர்கள் அந்தக் கம்பியையும் கழற்றவேண்டும். மின்னல் வாசல் வழியாகத்தான் வருமென்பதில்லை. மின்தடையும் அவ்வாறே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை இருளில் இருந்ததை மறந்திருக்க மாட்டோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சரே கூறினார். இலங்கைக்கும் வானரங்களுக்கும் உள்ள பழைய கணக்கு இன்னும் தீரவில்லை போலும்! குரங்கினால் ஆயினும் கொடுங்காற்றினால் ஆயினும், மின்சாரம் போகும் கணத்தைவிட அது திரும்பி வரும் கணமே கணினிக்குப் பொல்லாதது. வரும்போது ஒரே பாய்ச்சலாக வரும். ஆகவே மின்சாரம் போனவுடன் சுவர் விசையை அணைத்துவிட்டு, வந்து ஐந்து நிமிடம் நிலைத்த பின் மூட்டுவது நல்லது.

சுவரிற் குற்றமில்லை, ஆயினும் விசையை அழுத்தியவுடன் மின்விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடுகின்றது, அல்லது சிறிது எரிந்து அணைகின்றது. இதற்குப் பவர் சப்ளை காரணமாக இருக்கலாம். தாய்ப்பலகையில் நிற்கும் கப்பாசிற்றர்களும் காரணமாக இருக்கலாம். பக்க மூடியைத் திறந்து பாருங்கள்: சிறு சிறு உருளைகளாக நிற்கும் அவற்றின் தலை தட்டையாக இருக்கவேண்டும். தலை உப்பியோ, பழுப்பு நிறத்தில் எதையோ கக்கியோ இருந்தால் நோய் அதுவே. ஏறத்தாழ 1999க்கும் 2007க்கும் இடையிற் செய்யப்பட்ட பலகைகளில் இந்த நோய் ஒரு கொள்ளைநோயாகவே பரவியது. உள்ளிருக்கும் திரவத்தின் தரக்குறைவே காரணம். டெல் நிறுவனம் இத்தகைய பழுதுகளுக்காக 2005இல் 30 கோடி டொலரை ஒதுக்கவேண்டியதாயிற்று. அக்காலத்துப் பெட்டி ஒன்று மலிவாகக் கிடைத்தால், வாங்குமுன் மூடியைத் திறக்கச் சொல்லி அந்தத் தலைகளை எண்ணிப் பாருங்கள். பற்றாசு பிடிக்கத் தெரிந்த கை ஒன்று அவற்றை மாற்றிவிடும். பலகையையே மாற்ற வேண்டுவதில்லை. ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் எக்காரணங் கொண்டும் வீட்டில் திறக்கலாகாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அதனுள்ளே தங்கியிருக்கக் கூடும். அதனை முழுதாகக் கழற்றி, நல்லதொன்றை மாட்டிப் பார்ப்பதே முறை.

இனி, நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படும் நோய்க்கு வருகின்றேன். விசிறி ஓடுகின்றது, விளக்கு எரிகின்றது, திரையில் மட்டும் ஒன்றுமில்லை. முதலில் திரையின் மின்கம்பியையும், திரைக்கும் பெட்டிக்கும் இடையே உள்ள கம்பியையும் கழற்றி மீண்டும் இறுகச் செருகிப் பாருங்கள். அதன் பிறகு காது கொடுத்துக் கேளுங்கள். பெட்டிக்குள் சிறு ஒலிபெருக்கி இருந்தால், இடாப்பிற் காணாமற் போனவர் யார் என்பதை அது ‘பீப்’ என்ற ஒலியால் அறிவிக்கும். ஒலிகளின் பொருள் பலகை செய்தவரைப் பொறுத்து மாறும். எனினும் ஒரு குறும் ஒலியோடு திரை ஒளிர்ந்தால் பெரும்பாலும் நலம் என்றும், நீண்ட ஒலி விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் ரேம் எனப்படும் நினைவகத்தில் கோளாறு என்றும் கொள்ளலாம்.

ஒரு தாயார் உரப்பைக்குள் பழைய போர்வை சுற்றித் தம் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “போட் போயிருச்சுன்னு கடையில சொல்லிட்டாங்க சேர். புள்ளைக்குப் பரீட்சை வருது. லோன் எடுத்துத்தான் மாத்தணும் போல” என்றார். “கொஞ்சம் உட்காருங்கம்மா” என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றினேன். ரேம் பட்டையின் ஒரு முனை நூலளவு மேலெழுந்திருந்தது. பஸ்ஸின் மேற்தட்டிலே வைத்துக் கொண்டுவந்த குலுக்கலில் தளர்ந்திருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் ஈரம் புகுந்து, பொன்னிறமான அதன் பற்களிற் கறுப்பு மெல்லப் படர்ந்திருந்தது. அவருடைய மகளின் பென்சிற் பெட்டியில் இருந்த அழிறப்பரை வாங்கித் துடைத்து, மீண்டும் செருகினேன். திரை ஒளிர்ந்தது. அந்தத் தாயார் முதலிற் பார்த்தது திரையையன்று, அழிறப்பரைத்தான்.

இதனைச் செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கின்றேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, தொடக்க விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். உடலில் தேங்கிய நிலைமின் நீங்கிவிடும். கம்பளிச் சட்டை அணிந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் செய்வது உத்தமம். நம்மூர்க் குளிரில் இது சற்றுத் தவந்தான். ரேம் பட்டையின் இரு முனைகளிலும் உள்ள பிடிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் பட்டை தானே மேலெழும். விளிம்பைப் பிடித்து எடுத்து, பொற்பற்களை இருபுறமும் மெதுவாக அழிறப்பரால் தேய்த்து, துகள்களை உலர்ந்த மென்தூரிகையால் நீக்குங்கள். வாயால் ஊதாதீர்கள், ஈரத்தை நீக்க முயன்று எச்சிலைச் சேர்ப்பது அது. பட்டையில் உள்ள வெட்டும் துளையில் உள்ள மேடும் பொருந்துமாறு வைத்து, இரு முனைகளும் ‘கிளிக்’ என்று பிடிக்கும்வரை அழுத்துங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஒன்று நல்லதாகவும் மற்றது கெட்டதாகவும் இருக்கலாம். நல்லதைக் கொண்டே பரீட்சை முடியும்வரை காலம் தள்ளிவிடலாம்.

ஈரத்தைச் சொன்னேன். மே மாதந் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையும் பனிமூட்டமும் நம் வீடுகளுக்குள் நுழைந்து தங்குகின்றன. சுவரிலே பூஞ்சணம்; பெட்டியில் மடித்து வைத்த சேலையிலே பூஞ்சணம்; கணினிக்குள் மட்டும் இராதா? தை, மாசி மாதங்களில் வீசும் உலர்ந்த குளிர்காற்றினால்தான் டிம்புலப் பகுதித் தேயிலை மணம் பெறுகின்றது என்பர். தேயிலைக்கு உகந்த அந்தக் காலமே கணினிக்கும் உகந்தது. வறுத்த தூளை மழை நாளில் திறந்து போட்டு வைக்கும் டீமேக்கரை யாரேனும் கண்டதுண்டா? கணினியைப் பாதுகாப்பதாக நினைத்துப் பிளாஸ்டிக் தாளால் இறுக மூடிவைப்போரும் உளர். உள்ளே அகப்பட்ட ஈரத்துக்கு அது வாசலை அடைத்த வீடு. பருத்தித் துணி போதும். மழைக்காலத்தில் வாரம் இரண்டு மூன்று முறை அரைமணி நேரமாவது ஓடவிட்டால், தன் சூட்டாலேயே ஈரத்தை அது உலர்த்திக்கொள்ளும். குளிரில் வெளியே கொண்டுபோய்த் திரும்பிய கணினியைக் கதகதப்பான அறைக்குள் வைத்தவுடன் மூட்டவும் கூடாது. கண்ணாடியில் நீராவி படிவது போல உள்ளேயும் படியும். இரண்டு மணி நேரம் சும்மா இருக்கட்டும்.

விறகடுப்புக்கு அருகில் வைத்தால் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் விசிறியில் ஒட்டிக்கொள்ளும். விசிறி திணறினால் மூளை சூடேறும். எழுந்த கணினி ஐந்தே நிமிடத்தில் மீண்டும் உறங்கிவிடும். வாணி விழா நாட்களில் கணினிக்கும் பொட்டிட்டுப் பூச்சூட்டி வழிபடுகின்றோம், நல்ல வழக்கம். பொட்டு முகப்பில் இருக்கட்டும். விபூதியைக் காற்றுத் துளையில் தூவ வேண்டாம்.

இன்னொரு நோய், எழும்; ஆனால் எந்த ஆண்டில் இருக்கின்றோம் என்பதை மறந்துவிட்டு எழும். திகதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். எஃப்-1 விசையை அழுத்தச் சொல்லிக் கறுப்புத் திரை ஒன்று காத்திருக்கும். எப்படியோ எழுப்பிவிட்டால், இணையத் தளங்கள் ‘இந்த இணைப்புப் பாதுகாப்பானதன்று’ என்று கதவடைக்கும். இவற்றையெல்லாம் வைரஸ் என்று சொல்லிப் பணம் வாங்கியவர்களும் உண்டு. உண்மையிலே, தாய்ப்பலகையிற் பதித்திருக்கும் சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது; அவ்வளவுதான். கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் நாணயமளவான பொருள் அது. விலை சில நூறு ரூபாவுக்கு மேற்படாது. பிளக் செருகியிருக்கும்போது கணினி சுவர் மின்சாரத்தைக் கொண்டே கடிகாரத்தை ஓட்டும். கழற்றியிருக்கும்போது இந்த மின்கலத்தை உண்ணும். இடிக்கு அஞ்சி அடிக்கடி பிளக்கைக் கழற்றும் நம் மலைநாட்டில் இது விரைவில் தீர்வது இயல்பே. பலகையைக் காப்பதற்கு ஒரு மின்கலத்தைக் கொடுப்பது நட்டமன்று. மாற்றிய பின், திகதியையும், எந்தத் தட்டிலிருந்து எழவேண்டும் என்னும் வரிசையையும் அமைப்புத் திரையில் ஒருமுறை சரிபார்த்துவிட வேண்டும்.

அந்த வரிசை குழம்பினாலும், ‘எழுப்புவதற்குரிய தட்டைக் காணவில்லை’ என்ற பொருளில் ஆங்கில வாக்கியம் ஒன்று திரையில் தோன்றும். பென் டிரைவ் ஏதேனும் செருகியபடி இருந்தாலும் அவ்வாறே. முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். பிறகு வன்தட்டின் கம்பிகளை இறுகச் செருகுங்கள். அதன் பின்னும் அதே வாக்கியம் வந்து, உள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஒரே சீரான ஓசை கேட்குமானால், அத்துடன் நிறுத்திவிடுங்கள். வன்தட்டு தன் இறுதி நாட்களை எண்ணுகின்றது. மீண்டும் மீண்டும் எழுப்ப எழுப்ப, உள்ளிருப்பவை அழிந்துகொண்டே போகும். இங்கேதான் நிதானம் வேண்டும். வேறு தட்டு வாங்கலாம். பிள்ளையின் இரண்டாண்டுக் குறிப்புகளையும், காலமான பாட்டியின் ஒரேயொரு நிழற்படத்தையும் எந்தக் கடையில் வாங்குவது? கடைக்குக் கொண்டுபோனால் முதற் பேச்சே இதுவாக இருக்கட்டும்: “தம்பி, முதல்ல உள்ள இருக்கிறதப் பிரதி எடுத்துக் குடுங்க, மத்ததெல்லாம் பிறகு.” வன்தட்டைக் கழற்றி, ஓர் உறையில் மாட்டி, வேறு கணினியில் இணைத்துப் பிரதி எடுக்க முடியும். ‘போமற்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டிவிடாதீர்கள், அது துடைத்தெறிதல். தட்டு மாற்றத்தான் வேண்டுமென்றால், சுழலும் பழைய தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் சுழலாத் தட்டைப் போடுங்கள். பத்து வயதுக் கணினியும் இளமை திரும்பியது போல் எழும்.

தட்டும் நலம், இடாப்பும் முடிந்தது, விண்டோஸின் வாசலில் வந்து சுழன்றுகொண்டே இருக்கின்றது என்றால், அது உடலின் நோயன்று. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14இலும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புப் பகுதி பழைய பெட்டிகள் பலவற்றில் இல்லை. உரிமமில்லாத பிரதியை ஏற்றி வைரஸையும் இலவசமாகப் பெறுவதைவிட, லினக்ஸ் வகைகளுள் ஒன்றை ஏற்றிக்கொள்வது நன்று. அதற்கு விலை இல்லை, பழைய உடலுக்கு அதன் பாரம் குறைவு, தமிழிலும் தட்டெழுதலாம். இரண்டு நாட் பழகினாற் பிள்ளைகளுக்கு அது கைவந்துவிடும். பழக மறுப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்களே.

இனி வாங்கப் போகின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹற்றனிலோ நுவரெலியாவிலோ, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, எங்கே வாங்கினாலும், நீங்கள் உள்ளே நுழையும்போது பழைய கணினி ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்குமானால் சற்றுச் சிந்தியுங்கள். சூடேறிய கணினி தன் எழுச்சி நோயைக் காட்டாது, குளிர்ந்திருக்கும்போதுதான் காட்டும். “அண்ணே, நிப்பாட்டி, பிளக்கைக் கழட்டி வைங்க, ஒரு டீ குடிச்சிட்டு வர்றோம்” என்று சொல்லிவிட்டு வெளியே போங்கள். அரைமணி கழித்து வந்து உங்கள் கையாலேயே விசையை அழுத்துங்கள். திகதி சரியாக இருக்கின்றதா, ஒரே தடவையில் எழுகின்றதா, இரண்டாவது முறையும் அவ்வாறே எழுகின்றதா என்று பாருங்கள். நேர்மையான வியாபாரி இதற்கு முகஞ்சுளிக்க மாட்டார்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு சிறு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய நாள், மின்கலம் மாற்றிய நாள், ரேம் துடைத்த நாள், எழ மறுத்த நாளில் திரையிற் கண்ட வாக்கியம், காதிற் கேட்ட ஒலி ஆகியவற்றை அதில் எழுதிப் பக்க மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். வைத்தியசாலைக் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டை போன்றது அது. அடுத்த முறை பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தால், மூடியைத் திறப்பவரின் கண்ணில் முதலிற் படுவது அந்தத் தாள்தான். அதை வாசித்தவர், ‘போட் போய்விட்டது’ என்று சொல்லுமுன் ஒரு கணம் தயங்குவார்.